அண்டகத்தில் ஒரு ஹார்மோன் ஏற்பி எந்த மரபணுக்களை ஆள்கிறது என்பதைக் கண்டறியும் முறை

ஒரு ஹார்மோன் ஏற்பி டி.என்.ஏ.வின் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த ஏற்பியை அகற்றினால் எந்த மரபணுவின் செயல்பாடு மாறுகிறது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டில் ஒன்றுக்கு மட்டும் விடை கண்டுவிட்டு, இரண்டுக்கும் கண்டதாக எழுதிவிடுவதே இத்துறைக்குப் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. இரண்டையும் தனித்தனியே கேட்டு, பின்பு பொருத்திப் பார்க்கும் வழியைச் சுண்டெலியின் அண்டகத்தில் உள்ள புரோஜெஸ்டிரோன் ஏற்பியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அண்டகம் என்றும் இலங்கைப் பாடநூல்களில் சூலகம் என்றும் வழங்கும் உறுப்பு ஒன்றே; இங்கு அண்டகம் என்றே எழுதுகிறேன். புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் அதற்குரிய மரபணுவையும் சுருக்கமாகப் பி.ஜி.ஆர். என்று குறிக்கிறேன்.

பி.ஜி.ஆரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டில் இந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் முதன்முதலாக உருவாக்கப்பட்டபோது, பெண் எலிகளின் அண்டகத்தில் ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையை உள்ளடக்கிய நுண்பைகள், முழு அளவுக்கு வளர்ந்தன, உள்ளே இருந்த முட்டையும் முதிர்ந்தது, ஆனால் முட்டை வெளியேறவில்லை. ஃபாலிக்கிளின் சுவர் உடையாமலேயே அது கார்பஸ் லூட்டியமாக, அதாவது வழக்கமாக முட்டை வெளியேறிய பின் உருவாகும் திரளாக, மாறத் தொடங்கியது. முட்டை அதற்குள்ளேயே சிக்கிக்கிடந்தது. ஆக, இந்த ஓர் ஏற்பி இயக்கும் மரபணுக்களில்தான் அண்டம் விடுபடுவதற்குத் தேவையான ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அவசரக் கருத்தடைக்கு வழங்கப்படும் யூலிப்ரிஸ்டல் மாத்திரை 120 மணி நேரம் வரை பயன் தருவதும் இதே ஏற்பியைத் தடுத்து அண்ட விடுபடுதலைத் தள்ளிப்போடுவதன் மூலமே.

முதலில் கால அட்டவணையை வரையுங்கள்

கருவியைப் பற்றியும் வினைப்பொருள்களைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்னால் நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஃபாலிக்கிளில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் கிரானுலோசா செல்களில் பி.ஜி.ஆர். எப்போதும் இருப்பதில்லை. பிட்யூட்டரியிலிருந்து லூட்டினைசிங் ஹார்மோன் அலையாக எழுந்து வரும்போது, அது கிரானுலோசா செல்லின் மேற்பரப்பில் உள்ள தன் ஏற்பியில் சேர்கிறது. அதனால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகி, புரோட்டீன் கைனேஸ் ஏ தூண்டப்படுகிறது. ஆம்ஃபிரெகுலின் முதலான வளர்ச்சிக் காரணிகள் சுரந்து, ஈ.ஆர்.கே. என்னும் சமிக்ஞைத் தொடரையும் முடுக்கிவிடுகின்றன. இவற்றின் விளைவாகவே பி.ஜி.ஆர். மரபணு படியெடுக்கப்படுகிறது. சுண்டெலியில் இது தூண்டலுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, 12ஆம் மணியளவில் பெரிதும் தணிந்துவிடுகிறது. அண்டம் விடுபடுவதும் அந்த 12 முதல் 14 மணிக்குள்தான்.

இந்த வரிசையில் இரண்டு வகை ஏற்பிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். லூட்டினைசிங் ஹார்மோனின் ஏற்பி செல் சவ்வில் நிற்கிறது; அது டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை, தூதுகளின் வழியாகவே மரபணுக்களை எட்டுகிறது. பி.ஜி.ஆரோ தானே உட்கருவுக்குள் சென்று குரோமாட்டினில், அதாவது புரதங்களோடு பிணைந்த டி.என்.ஏ.வில், அமரும் ஏற்பி. ஹார்மோன் வந்து சேர்ந்ததும், அதுவரை அதைப் பற்றியிருந்த வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை விடுத்து, இணையாகச் சேர்ந்து, படியெடுத்தலுக்கு உதவும் துணைப் புரதங்களை அழைத்துக்கொள்கிறது. நீங்கள் ஆராயப்போவது எந்த வகை என்பதைப் பொறுத்துச் சோதனையின் அமைப்பே மாறும். சவ்வு ஏற்பிக்கு டி.என்.ஏ.வில் ஒட்டும் இடம் தேடுவதில் பொருளில்லை. அதன் தூதைப் பெற்று வேலை செய்யும் கிரெப் போன்ற புரதங்களைத்தான் தேட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவை ஆராய்வோருக்கு மற்றொரு வேறுபாடு உண்டு: அது வளரும் ஃபாலிக்கிளின் கிரானுலோசா செல்களில் லூட்டினைசிங் ஹார்மோன் அலைக்கு முன்பே நிறைந்திருப்பதால், இங்கே சொல்லப்படும் குறுகிய நேர நெருக்கடி அங்கே இல்லை.

பி.ஜி.ஆருக்கு என் பரிந்துரை இது: ஏற்பி ஒட்டும் இடங்களைக் காணத் தூண்டலுக்குப் பின் 6ஆம் மணியிலும், ஆர்.என்.ஏ. அளவின் மாற்றத்தைக் காண 8ஆம் மணியிலும் செல்களை எடுக்க வேண்டும். ஏற்பி முதலில் அமர்ந்து, பின்புதான் தூது ஆர்.என்.ஏ. சேர்கிறது என்பதால் இந்த இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுப்பது வசதியானதுதான். ஆனால் அந்த வசதிக்காகச் சில மரபணுக்களை இழக்க நேரிடும்.

விலங்குகளும் ஊசியும்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கையில் வந்த பிறகே எலிகளைத் தொட வேண்டும். 21 முதல் 28 நாள் வயதுள்ள, பருவமடையாத பெண் சுண்டெலிகளே இதற்குப் பொருத்தமானவை. அவற்றின் சொந்தச் சுழற்சி இன்னும் தொடங்கியிராததால், எல்லா ஃபாலிக்கிள்களும் நீங்கள் போடும் ஊசிக்கு ஏற்ப ஒரே சீராக நகரும். முதலில் 5 அலகு பி.எம்.எஸ்.ஜி., அதாவது சினையுற்ற குதிரையின் சீரத்திலிருந்து பெறப்படும் ஹார்மோன், வயிற்றறைக்குள் செலுத்தப்படுகிறது. இது ஃபாலிக்கிள்களை வளர்க்கும். 44 முதல் 48 மணி நேரம் கழித்து 5 அலகு எச்.சி.ஜி. செலுத்தப்படுகிறது; இது லூட்டினைசிங் ஹார்மோனுக்கு மாற்றாக நின்று வேலை செய்யும். இந்த இரண்டாம் ஊசியின் நேரமே உங்கள் கணக்கின் சுழி மணி. பத்து எலிகளுக்கு ஊசி போட அரை மணி நேரம் ஆகுமானால், செல்களை எடுக்கும்போதும் அதே வரிசையில், அதே இடைவெளியில் எடுங்கள். எச்.சி.ஜி. போடாமல் விடப்பட்ட எலிகள் சில கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏற்பி நீக்கப்பட்ட எலிகளைப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடங்கள் இனப்பெருக்கக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். பி.ஜி.ஆர். அறவே இல்லாத பெண் எலி கருத்தரிக்காது; ஆகவே ஒரு நகல் மட்டும் இழந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் குட்டிகளைப் பெறுவதே வழக்கம். அவ்வாறு பிறக்கும் எட்டுக் குட்டிகளில் சராசரியாக ஒன்றே உங்களுக்கு வேண்டிய வகைப் பெண்ணாக இருக்கும். ஒப்பீட்டுக்கு உடன்பிறந்த இயல்பான பெண் குட்டிகளையே கொள்ள வேண்டும். வேறு கூண்டிலிருந்து விலைக்கு வாங்கிய எலியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியன்று. இந்த எலிகளின் மூளையிலும் பிட்யூட்டரியிலும்கூட ஏற்பி இல்லை என்பதால் அவற்றுக்கு லூட்டினைசிங் ஹார்மோன் அலையே சரிவர எழுவதில்லை, வெளியிலிருந்து எச்.சி.ஜி. கொடுப்பதன் பெரும் பயன், அந்தக் குறையைத் தாண்டி அண்டகத்தின் குறையை மட்டும் தனியே காட்டுவதாகும்.

செல்களைப் பிரிப்பது

அண்டகத்தை எடுத்து, அதைச் சூழ்ந்த உறையையும் கொழுப்பையும் நுண்நோக்கியின் கீழ் அகற்றிவிட்டு, குளிர்ந்த ஊடகத்தில் வைத்துப் பெரிய ஃபாலிக்கிள்களை மெல்லிய ஊசியால் குத்த வேண்டும். கிரானுலோசா செல்கள் புகைபோல் வெளியே பரவும். முட்டைகளையும் திசுத் துணுக்குகளையும் 40 மைக்ரோமீட்டர் வலையில் வடித்துவிடலாம். அண்டகத்தை முழுதாக அரைத்துவிடும் சுருக்கு வழியை நான் ஏற்பதில்லை: ஃபாலிக்கிளின் வெளிச்சுவரில் உள்ள தீக்கா செல், இரத்த நாளச் செல், வெள்ளணுக்கள் ஆகியவற்றின் ஆர்.என்.ஏ. அனைத்தும் கலந்துவிடும்போது, ஒரு மரபணு ஏறியதா, அல்லது அம்மரபணுவை ஏற்கெனவே உடைய செல்கள் எச்.சி.ஜி.க்குப் பின் அண்டகத்துக்குள் வந்து சேர்ந்தனவா என்று பிரித்தறிய முடியாது. குத்தியெடுக்கும் முறையிலும் கலப்பு இருக்கத்தான் செய்யும். தீக்கா செல்லுக்குரிய சி.ஒய்.பி.17ஏ1 மரபணுவை அளந்து பார்த்தால் அது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

மூன்று எலிகளின் செல்களை ஒரே குழாயில் கலந்தால் அது ஒரு மாதிரிதான், மூன்றல்ல. ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று தனித்தனி மாதிரிகள் வேண்டும். ஒரே மாதிரியை மூன்று முறை கருவியில் ஓட்டுவது அதற்கு ஈடாகாது.

ஆர்.என்.ஏ. என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

பெரிய வரிசையாக்கத்துக்கு அனுப்புமுன் சில மரபணுக்களைப் பி.சி.ஆர். முறையில் அளந்து, எலிகள் ஊசிக்கு இசைந்தனவா என்று உறுதிசெய்ய வேண்டும். எச்.சி.ஜி.க்குப் பின் சி.ஒய்.பி.19ஏ1, அதாவது ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் நொதியின் மரபணு, கீழிறங்கியிருக்க வேண்டும், பி.ஜி.ஆர். ஏறியிருக்க வேண்டும். இவை அவ்வாறு இல்லையெனில், அந்த எலியின் ஊசி சரியாக இறங்கவில்லை என்று கொண்டு மாதிரியை விலக்கிவிடலாம். ஆனால் இந்த விலக்கு விதியைச் சோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்க வேண்டும். பிறகு இயல்பான எலியையும் ஏற்பி இல்லாத எலியையும் ஒப்பிடும்போது, இரு திசைக் கட்டுப்பாடு தேவை. அடாம்ட்ஸ்-1 என்னும் புரதச்சிதைப்பு நொதியின் மரபணுவும், கேத்தெப்சின் எல் மரபணுவும் ஏற்பி இல்லாத எலியில் குறைந்திருக்க வேண்டும். இவை 2000ஆம் ஆண்டிலேயே பி.ஜி.ஆரின் ஆளுகைக்கு உட்பட்டவையென அடையாளம் காணப்பட்டவை. மாறாக, புரோஸ்டாகிளாண்டின்களை உண்டாக்கும் காக்ஸ்-2வின் மரபணு இரண்டு எலிகளிலும் ஒரே அளவில் ஏறியிருக்க வேண்டும். அதுவும் குறைந்திருந்தால் உங்கள் எலிகளில் லூட்டினைசிங் ஹார்மோனின் தூண்டலே குன்றியிருக்கிறது, பி.ஜி.ஆரைக் குறை சொல்ல இடமில்லை.

தூது ஆர்.என்.ஏ.வின் அளவு என்பது படியெடுத்தலின் வேகத்தையும் சிதைவின் வேகத்தையும் சேர்த்துக் காட்டும் எண். மரபணுவின் செயல்பாடே மாறியதா என்று அறிய விரும்பினால், இன்ட்ரான் பகுதியில் பொருந்தும் தொடக்கிகளைக் கொண்டு, இன்னும் வெட்டி ஒட்டப்படாத முன்னோடி ஆர்.என்.ஏ.வை அளப்பது எளிய வழி. அத்தொடக்கிகள் மாதிரியில் எஞ்சிய டி.என்.ஏ.விலும் பொருந்திவிடும் என்பதால், டி.என்.ஏ.வை நொதியால் முழுமையாக அகற்றுவதும், எதிர்ப்படியெடுத்தல் நொதி சேர்க்காத ஒரு குழாயை உடன் ஓட்டுவதும் இங்கே தவிர்க்க முடியாதவை.

தடுப்பு மருந்து கொண்டு வேலை செய்வோருக்கு

ஏற்பி நீக்கப்பட்ட எலி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. வளர்ப்புத் தட்டில் உள்ள கிரானுலோசா செல்களுக்கு மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்து ஏற்பியைத் தடுப்பதே பலரும் கைக்கொள்ளும் வழி. இம்மருந்து குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியையும் தடுக்கும். அந்த ஏற்பி கிரானுலோசா செல்லிலும் உண்டு. எனவே மிஃபெப்ரிஸ்டோனால் குறைந்த மரபணுக்களெல்லாம் பி.ஜி.ஆருடையவை என்று எழுதுவது பொருந்தாது. இதைவிட நல்ல அமைப்பு ஒன்று உண்டு. தூண்டப்பட்ட கிரானுலோசா செல்கள் தாமே புரோஜெஸ்டிரோனைச் சுரப்பவை. ட்ரைலோஸ்டேன் கொடுத்து அந்தச் சுரப்பை நிறுத்திவிட்டு, ஆர்5020 என்னும் செயற்கைப் புரோஜெஸ்டினைத் திரும்பச் சேர்த்தால், சுரப்பு நின்றபோது இறங்கி, சேர்த்தபோது மீண்டும் ஏறும் மரபணுக்கள் மிக நம்பத்தக்க பட்டியலாக அமையும். செல்களில் பி.ஜி.ஆரைத் தோற்றுவிக்க சைக்ளிக் ஏ.எம்.பி.யைப் பெருக்கும் ஃபோர்ஸ்கோலினையும், புரோட்டீன் கைனேஸ் சியைத் தூண்டும் பி.எம்.ஏ.வையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் ஃபீனால் சிவப்பு என்னும் நிறக்காட்டி, ஈஸ்ட்ரோஜன்போல் மெலிதாகச் செயல்படக்கூடியது. சீரத்திலோ ஸ்டீராய்டுகள் இயல்பாகவே உள்ளன. நிறமற்ற ஊடகத்தையும், கரியால் ஸ்டீராய்டு நீக்கப்பட்ட சீரத்தையும் பயன்படுத்தாவிட்டால், எந்த ஏற்பியும் தூண்டப்படாத நிலை என்று நீங்கள் கருதும் தட்டிலேயே ஏற்பிகள் அரைகுறையாக விழித்திருக்கும்.

நேரடி விளைவையும் வழிவழி விளைவையும் பிரிக்கச் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புதிய புரத உற்பத்தியைத் தடுப்பது, ஸ்டீராய்டு ஏற்பி ஆய்வில் காலங்காலமாக உள்ள உத்தி. மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் அது அழகாக வேலை செய்யும், ஏனெனில் அங்கே ஏற்பி முன்பே இருக்கிறது. கிரானுலோசா செல்லில் பி.ஜி.ஆரே தூண்டலுக்குப் பின் புதிதாக உண்டாகும் புரதம். தூண்டலுடன் சேர்த்தே சைக்ளோஹெக்சிமைடைக் கொடுத்தால் ஆராயவேண்டிய ஏற்பியே உருவாகாமல் போகும், எல்லா மரபணுக்களும் மறைமுகமானவைபோல் தோன்றும். ஏற்பி சேர்ந்துவிட்டதைப் புரத அளவில் உறுதிசெய்த பிறகே அதைக் கொடுத்து, ஆர்5020ஐயும் அப்போதுதான் சேர்க்க வேண்டும். வேறு செல்களுக்காக எழுதப்பட்ட செய்முறையை அப்படியே படியெடுப்போர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஏற்பி அமர்ந்த இடத்தைப் பிடிப்பது

சிப் எனப்படும், எதிர்ப்பொருளால் குரோமாட்டினைப் பிரித்தெடுக்கும் முறையில், செல்களை 1 விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் வைத்து, புரதத்தையும் டி.என்.ஏ.வையும் உள்ளவாறே பிணைத்து, கிளைசின் சேர்த்து அவ்வினையை நிறுத்துகிறோம். பிறகு ஒலியலைகளால் குரோமாட்டினை 200 முதல் 500 கார இணை நீளமுள்ள துண்டுகளாக உடைத்து, ஏற்பிக்குரிய எதிர்ப்பொருளால் அதைப் பற்றியுள்ள துண்டுகளை மட்டும் பிரித்தெடுக்கிறோம். உடைத்த துண்டுகளை ஜெல்லில் ஓட்டிப் பார்க்காமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது. ஓர் எலியின் செல்கள் இதற்குப் போதமாட்டா. பலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். செல்கள் மிகக் குறைவென்றால், ஒலியலையே தேவைப்படாத கட் அண்டு ரன் முறையை நாடலாம்.

எதிர்ப்பொருளின் தரத்தை விற்பவரின் குறிப்பேட்டை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பி.ஜி.ஆர். இல்லாத எலியின் கிரானுலோசா செல்லில் அதே எதிர்ப்பொருள் எதையாவது பிடிக்கிறதா என்று பார்ப்பதே முடிவான சோதனை. அந்த எலி கிடைக்காவிட்டால், எச்.சி.ஜி. போடாத எலியின் செல் ஓரளவுக்கு அதன் இடத்தை நிரப்பும். தொடர்பற்ற எதிர்ப்பொருளால் பிரித்த மாதிரியும், பிரிப்பதற்கு முன் எடுத்துவைத்த மூலக் குரோமாட்டினும் எப்போதும் உடனிருக்க வேண்டும். ஏற்பிக்கு ஏ, பி என இரண்டு வடிவங்கள் உள்ளன. பி வடிவம் முன்முனையில் நீண்டது, ஏ வடிவம் அந்த நீட்சியற்றது. ஏ வடிவத்துக்கே உரிய பகுதி எதுவும் இல்லை என்பதால், எதிர்ப்பொருளைக் கொண்டு ஏ வடிவத்தை மட்டும் தனியே பிடிக்க இயலாது. எலியில் அண்ட விடுபடுதலுக்கு முதன்மையாக வேண்டியது ஏ வடிவம்தான் என்பது வடிவங்களைத் தனித்தனியே நீக்கிய எலிகளிலிருந்து தெரிந்தது.

கிடைத்த இடங்களில் எழுத்து முத்திரையை, அதாவது ஒரு புரதம் அடையாளம் கண்டு ஒட்டும் டி.என்.ஏ. எழுத்துத் தொடரை, தேடும்போது, பாடநூலில் கற்ற புரோஜெஸ்டிரோன் முத்திரையை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ஆறெழுத்து, மூன்றெழுத்து இடைவெளி, அதன் எதிரொளியாக மறுபடி ஆறெழுத்து என்று அமைந்த அந்தப் பதினைந்தெழுத்துத் தொடர், குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கும்கூடப் பொதுவானது. மேலும், கிரானுலோசா செல்லில் பி.ஜி.ஆர். ஒட்டும் இடங்களில் ரன்எக்ஸ் குடும்பப் புரதங்களின் முத்திரையும் செறிந்து காணப்படுகிறது. அடாம்ட்ஸ்-1 மரபணுவின் முன்பகுதியிலோ பி.ஜி.ஆர். தன் சொந்த முத்திரை வழியாக அன்றி, எஸ்.பி.1, சி/ஈ.பி.பி. பீட்டா போன்ற பிற புரதங்களுக்குரிய இடங்களைச் சார்ந்தே செயல்படுகிறது. இவ்வாறு பிறரின் தோளைப் பற்றி நிற்கும் ஏற்பியை ஃபார்மால்டிஹைடு மட்டும் உறுதியாகப் பிணைக்காது. அதற்கு முன்னால் டி.எஸ்.ஜி. என்னும் நீண்ட கைப் பிணைப்பியைச் சேர்ப்பது பலன் தரும்.

இரண்டு பட்டியல்களையும் சேர்ப்பது

ஏற்பி ஒட்டிய இடங்கள் ஆயிரக்கணக்கில் வரும். ஏற்பி இல்லாதபோது மாறிய மரபணுக்கள் அதைவிடக் குறைவாகவே வரும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒட்டிய இடத்துக்கு அருகிலுள்ள மரபணுவே அதன் இலக்கு என்று கணினி எழுதித் தருவது ஓர் ஊகம் மட்டுமே. மரபணுவைத் தூண்டும் டி.என்.ஏ. துண்டான ஊக்கிப் பகுதி பல்லாயிரம் எழுத்துகள் தாண்டியும், இடையில் வேறு மரபணுவைக் கடந்தும் வேலை செய்யக்கூடும். அந்த இடத்தில் எச்.சி.ஜி.க்குப் பின் குரோமாட்டின் திறந்திருக்கிறதா, செயல்படும் ஊக்கியின் அடையாளமாக ஹிஸ்டோன் எச்3இன் 27ஆம் லைசினில் அசிட்டைல் குறி ஏறியிருக்கிறதா என்று பார்த்து வடிகட்டினால் பட்டியல் கையாளக்கூடிய அளவுக்கு வரும். ஏற்பி ஒட்டியும் மரபணு மாறாத இடங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் அவற்றை இலக்குகள் என்றும் அழைக்காதீர்கள். ஒட்டாமல் மாறிய மரபணுக்கள், பி.ஜி.ஆர். இயக்கும் வேறொரு படியெடுத்தல் காரணியின் பணியாக இருக்கலாம்; பி.ஜி.ஆரைச் சார்ந்திருக்கும் பி.பி.ஏ.ஆர். காமா அத்தகைய ஓர் இடைநிலைக் காரணி, எண்டோதீலின்-2 அதன் வழியே வரும் மரபணு.

எஞ்சிய சிலவற்றை நேரடியாகச் சோதிக்க, ஒட்டும் பகுதியை, ஒளி உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவுக்கு முன் வைத்து, முத்திரையின் இரண்டு மூன்று எழுத்துகளை மாற்றியதும் ஒளி குறைகிறதா என்று காணலாம். இதற்குப் பலர் கே.ஜி.என். என்னும் மனிதக் கிரானுலோசாக் கட்டிச் செல்களைப் பயன்படுத்துகிறார்கள். அச்செல்களில் ஃபாக்ஸ்எல்2 என்னும் படியெடுத்தல் காரணியில் அக்கட்டிக்கே உரிய மாற்றம் உள்ளது. ஆதலால் முத்திரை இயங்குகிறதா என்ற சிறு கேள்விக்கு மட்டும் அவற்றைக் கேட்பது போதும். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் எஞ்சும் மனிதக் கிரானுலோசா செல்களுக்கும் வரம்புண்டு: அவை எச்.சி.ஜி.க்கு 34 முதல் 36 மணி நேரம் கழித்து எடுக்கப்படுவதால், கார்பஸ் லூட்டியத்துக்குரிய லூட்டின் செல்லாக மாறும் பாதையில் நெடுந்தூரம் சென்றுவிட்டவை.

ஒரு மரபணு உண்மையில் அண்ட விடுபடுதலுக்கு வேண்டியதா என்பதை எலிதான் சொல்ல வேண்டும். எச்.சி.ஜி. போட்டு 16 மணி நேரம் கழித்து, கருமுட்டைக் குழாயின் விரிந்த பகுதியைக் கிழித்து, ஹயலுரோனிடேஸ் நொதியால் சூழ்செல்களைக் கலைத்து முட்டைகளை எண்ணுங்கள். அதே எலியின் அண்டகத்தை வரிசையாகச் சீவி, லூட்டின் செல்களுக்கு நடுவே முட்டை சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடாம்ட்ஸ்-1 நீக்கப்பட்ட எலியில் குழாயை எட்டும் முட்டைகள் குறைகின்றன, ஆனால் அறவே நின்றுவிடுவதில்லை, பி.ஜி.ஆர். நீக்கப்பட்ட எலியிலோ ஒன்றுகூட வருவதில்லை.